ஏழாவது ஜன்னல்

தெருவில் நின்று எண்ணினால் இரண்டாம் மாடியில் ஏழு ஜன்னல்கள். உள்ளே எண்ணினால் ஆறுதான். கட்டடத்தின் நூற்றாண்டு மலருக்கு வரைபடமும் கட்டுரையும் தயாரிக்க வந்தவள் மூன்றாவது முறையாக டேப்பைப் பிடித்துப் பார்த்தாள். கோடியில் எட்டடி காணவில்லை.

“கடைசி ஜன்னல் பொய்ம்மா. அழகுக்கு சிமெண்ட்ல செஞ்சது,” என்றார் மானேஜர்.

“பொய் ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் எதுக்கு சார்? அதுவும் வெளிப்பக்கம்?”

“கொத்தனாரைக் கேளுங்க. நீங்க தூணைப் பத்தி, பளிங்குப் படியைப் பத்தி எழுதுங்க. தீ விபத்தை விட்டுடுங்க. அதான் யாரும் சாகலையே.”

முப்பது வருடமாக இதே பாட்டு. தையல் கூடமாக இருந்த இந்த மாடியில்தான் அவளுடைய அக்கா பொத்தான் தைத்தாள். தீப்பிடித்த அன்று அவள் வீடு திரும்பவில்லை. எவனோடோ ஓடிவிட்டாள் என்று கம்பெனி கைகழுவியது. ஊரும் சொன்னது, கடைசியில் அப்பாவும் சொன்னார். அம்மா தலைகுனிந்தே செத்தாள். அக்கா ஓடவில்லை என்று அந்த மலரில் அச்சேற்றத்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

மானேஜர் டீ குடிக்க இறங்கியதும் கோடிச் சுவரருகே போனாள். புதுப் பெயிண்ட் வாடைக்கு அடியில், இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த துணி போல ஒரு கருகல் நெடி. கை வைத்தாள். சுவர் சுட்டது. உள்ளே வெற்றிடமா என்று விரல் முட்டியால் தட்டினாள்.

டிக் டிக். கொஞ்சம் விட்டு, டிக்.

ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிய தகர உறையைக் கழற்றாமலே, வீட்டுக் கதவை அக்கா இப்படித்தான் தட்டுவாள்.

“அக்கா?”

தட்டல் பெருத்தது. ஒரு கை இல்லை. பத்து. இருபது. தரையோரம். தலைக்கு மேலே.

படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடினாள். தெருவில் டீ கிளாசோடு நின்ற மானேஜரின் சட்டையைப் பிடித்தாள்.

“பூட்டி வச்சே கொன்னீங்களாடா?”

“விடும்மா! அது வெறும் சிமெண்ட்...”

அண்ணாந்து பார்த்தார். கிளாஸ் விழுந்தது.

நண்பகல் வெயில். ஏழாவது ஜன்னலின் சிமெண்ட் பட்டைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. இடுக்குகளில் விரல்கள். கருகிய விரல்கள்.

“எண்ணுங்க சார்,” என்றாள். “யாரும் சாகலையே? எண்ணுங்க!”

தகர உறை மாட்டிய ஒரு விரல் மட்டும் வெளியே நீண்டு, சுவரைத் தடவித் தடவிக் கீழே இறங்கியது.

வெளிப்பக்கத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டது.