ஜாலான் புசாரில் ஓர் ஊளை

ஊளை நிற்கவே இல்லை. அதனால்தான் கண்மணி அம்மியை விட்டுவிட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

முன்னறைத் தரையில் அவள் கணவன் வடிவேலு மல்லாந்து கிடந்தான். பின்தலைக்கடியில் ரத்தம் தேங்கியிருந்தது. மேசைமேல் அவன் மாதக்கணக்கில் தன் கையாலேயே கட்டி முடித்த கிட்டார் ஆம்ப்ளிபையர். அதன் கண்ணாடி வால்வுகள் செம்மஞ்சளாகக் கனன்றன. கிட்டாரோ ஸ்பீக்கர்ப் பெட்டிமேல் சாய்ந்திருந்தது. கண்மணி முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். ஊளை அடங்கியது. அதன் பிறகுதான் அலறினாள்.

1965, ஒரு சனிக்கிழமை. மாலை நாலரை மணி.

இன்ஸ்பெக்டர் தில்லையம்பலத்துக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து விசாரிக்க வராது. சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். ஜாலான் புசார் சாலையில் இரும்புக்கடை ஒன்றின் மாடி அது. முன்னால் ஒரே அறை, பின்னால் அடுப்படி.

“கரண்டு தூக்கி அடிச்சிருக்கு சார்,” என்றார் கான்ஸ்டபிள் பரமசிவம்.

“இவரு செம்பவாங் கப்பல் டாக்யார்டுல எலக்ட்ரீஷியன். வீட்டுல வந்து ஷாக் வாங்குவாரா?”

டாக்டர் வந்து பார்த்ததும் அந்தப் பேச்சு எடுபடாமல் போனது. உடம்பில் மின்சாரம் தாக்கிய அடையாளமே இல்லை. மேசை விளிம்பில் பொருத்தியிருந்த, சாமான்களை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸில் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தன. யாரோ பலமாகப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். “உடனே உயிர் போகல. இவ்வளவு ரத்தம் ஓடியிருக்குன்னா கொஞ்ச நேரம் மூச்சு இருந்திருக்கு,” என்றார் டாக்டர்.

தில்லையம்பலம் கண்மணியிடம் வந்தார்.

“இன்னிக்கு யார் வந்தாங்க?”

“பாலா மட்டும்தான். இவரு பேண்டுல கிட்டார் வாசிக்கிற பாலகிருஷ்ணன். நாளைக்குப் போட்டி இருக்கு, அதுக்குத்தான் இந்தப் பெட்டி.”

“சண்டையா?”

“தெரியலைங்க. அம்மியில அரைச்சிக்கிட்டு இருந்தேன். ‘வரேன் அண்ணி’ன்னு அவன் சொன்னது மட்டும் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல ஊளை. மெதுவா ஆரம்பிச்சு, காது கிழியிற மாதிரி ஏறுச்சு.”

“கிட்டாரை எப்பவும் அங்கதான் சாய்ச்சு வைப்பாரா?”

“இல்லைங்க, ஆணியிலதான் மாட்டுவாரு. பாலா அங்க வச்சாக்கூடத் திட்டுவாரு.”

எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், அப்துல் அலீம் தேநீர் ஆற்றும் தேக்கடை. பாலகிருஷ்ணன் அங்கேயே உட்கார்ந்திருந்தான், கண்கள் சிவந்து.

“வடிவேலு நல்லாத்தான் சார் இருந்தான். நான் இங்க வந்து உக்காந்த பிறகுதான் அவன் வாசிச்சான். எல்லாரும் கேட்டாங்க லா!”

“உண்மைதான் சார்,” என்றார் அப்துல் அலீம். “வந்து தே கேட்டாரு. நான் இழுத்து ஊத்திக்கிட்டு இருக்கேன், மேல ஊளை. சத்தம் வர்றதுக்கு முன்னாடியிருந்தே இவரு மாடியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.”

மாடிக்குத் திரும்பும்போது பரமசிவம் குரலைத் தாழ்த்தினார். “ஊளை கேட்டப்போ ஆள் உயிரோட வாசிச்சிருக்காரு. வீட்டுல இருந்தது பொண்டாட்டி மட்டும். இந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழுறாருன்னு காலையில அந்தம்மா கத்தினதை இரும்புக்கடைக்காரர் கேட்டிருக்காரு. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?”

தில்லையம்பலம் படியேறி அறைக்குள் வந்தார். அவர் நடை இன்னும் வேகமாயிற்று. ஏதோ ஒன்று பொருந்தவில்லை. வாசித்த ஆள் விழுந்துவிட்டான். கிட்டார் ஏன் ஓயவில்லை?

“கிட்டாரைத் தொடாதீங்க. பிளக்கை மட்டும் சொருகுங்க.”

பரமசிவம் சொருகினார். ஒன்றும் நடக்கவில்லை.

“கெட்டுப்போச்சு போல சார்.”

தில்லையம்பலம் பொறுமையிழந்து சன்னலுக்குப் போனார். கீழே சந்துப் பக்கம் பார்த்தார். திரும்பி வாசலுக்கு வந்தார். மறுபடி சன்னல். வால்வுகள் மெல்லச் சிவந்தன. ஸ்பீக்கர் முனகியது. யார் கையும் படாத கம்பிகள் நடுங்க, முனகல் ஏறி ஏறி ஊளையாயிற்று. தேக்கடையில் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பிளக்கைப் பிடுங்கினார். “பாலகிருஷ்ணனை மேல கூட்டிட்டு வாங்க.”

அவன் வந்து வாசலிலேயே நின்றான்.

“வால்வு சூடேறினாத்தான் சத்தம் வரும். படியிறங்கி, சந்து தாண்டி, தே கேக்குற நேரம் அதுக்குப் போதும். சத்தத்தைக் கூட்டி வச்சு, கிட்டாரை ஸ்பீக்கர்ல சாய்ச்சுட்டா, அது தானா கத்தும். வாசிக்க ஆளே வேணாம். ஊளை வந்தப்போ வடிவேலு கீழே விழுந்து கிடந்தாரு. இல்லையா?”

“அதை அண்ணியும் செஞ்சிருக்கலாமே!”

“எதுக்கு? அவங்க வீட்டை விட்டு எங்கேயும் போகல. வேற இடத்துல இருந்தேன்னு காட்ட வேண்டியவனுக்குத்தான் இந்த இடைவெளி வேணும். சத்தம் வர்றதுக்கு முன்னாடியே நீ மாடியைப் பாத்தது எதுக்கு?”

பாலகிருஷ்ணன் தன் கையைப் பார்த்தான். “நாளைக்கு வேற ஆள் வாசிக்கட்டும்னான் சார். என் கை சரியில்லையாம். ஒரே தள்ளுதான்... சாகணும்னு தள்ளல.”

“சுவிட்ச் போட்டப்போ அவருக்கு மூச்சு இருந்துச்சா?”

அவன் தலை குனிந்தான். “இருந்துச்சு,” என்றான்.

அடுப்படி நிலையில் நின்ற கண்மணி அதைக் கேட்டாள். அழவில்லை. விலங்கு மாட்டிய கைகளோடு அவன் அவளைக் கடந்தபோது வழியை மறித்தாள். அவள் விரல்களில் மிளகாய் விழுது இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

“வரேன் அண்ணின்னு சொல்லத் தெரிஞ்சுச்சே. வாங்க அண்ணின்னு ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதாடா?”