விட்டுக்கொடுத்த நாலு பார்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கியபோது தானியேலுக்கு ஒரே அவசரம். மறுநாள் சென்னையில் அவன் வாசிக்கும் ஹோட்டலில் பெரிய ஜாஸ் கச்சேரி. வாடகை செட்டை வைத்து இனி ஒப்பேற்ற முடியாது. அவனுக்குத் தெரிந்து நல்ல டிரம் செட் ஒன்றுதான். செத்துப்போன சாலமோன் மாஸ்டருடையது.

சாலமோன் லேசுப்பட்ட ஆள் இல்லை. எழுபதுகளில் மவுண்ட் ரோடு ஹோட்டல்களில் அவர் கம்பி பிரஷ்ஷால் டிரம்மை வருடினால், சாப்பிடுகிறவர்கள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். ஹோட்டல்களுக்கு ஜாஸ் அலுத்துப்போனதும், வயிற்றுக்காக சிப்காட்டில் இரும்புத் தகடு வெட்டும் கம்பெனிக்கு வந்தார். இரண்டாயிரத்து மூன்றில் ஒரு ஹோட்டல் அவரைத் திரும்பக் கூப்பிட்டது.

கூப்பிட்ட வாரமே மெஷினில் அவருடைய வலது கை போயிற்று.

அன்றைக்கு மெஷின் பெடலை மிதித்தவன், அதே கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே அவரிடம் டிரம்ஸ் கற்ற தானியேல். கால் வழுக்கிவிட்டது என்றான். எல்லோரும் நம்பினார்கள். மேடை அவனுக்கு வந்தது. மாஸ்டர் ஒற்றைக் கையோடு ஒரு வருஷம் கிடந்து, போய்ச் சேர்ந்தார்.

மாஸ்டர் வீட்டுக் கதவைத் திறந்தவள் அவர் மனைவி விக்டோரியா. அழுவாள் என்று நினைத்து வந்திருந்தான். சிரித்தாள்.

"வா தானியேலு. நீ வருவேன்னு சொல்லிக்கினே இருந்தாரு. கை நல்லாக்கீதா?"

அவன் வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

உள்ளறையில் செட் தூசியில்லாமல் பளபளத்தது. பூட்டிக் கிடந்த அறைக்குள் மெஷின் ஆயில் வாடை. தாராளமாகக் கொண்டுபோ, ஆனால் அவருக்காக ஒரு தடவை வாசித்துவிட்டுப் போ என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு போனாள் விக்டோரியா.

கரண்ட் போயிற்று. ஃபேன் முனகி நின்றது. ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் கொஞ்சம்.

பயத்தை விரட்ட வேகமாகவே வாசித்தான். அங்கேதான் பழக்கம் அவனைக் கவிழ்த்தது. ஜாஸில் ஒருவன் நாலு பார், நம்மூர் ஆவர்த்தனம் மாதிரி, வாசித்தால், அடுத்த நாலை எதிராளிக்கு விட்டுத்தர வேண்டும். மாஸ்டரோடு வாசித்து ஊறிப்போன வழக்கம். நாலு முடிந்ததும் கை தானாக நின்றது.

பதில் வந்தது.

அவன் கண்ணெதிரே டிரம்மின் தோல் அதிர்ந்தது. குச்சி இல்லை. ஆள் இல்லை.

ஒற்றைக் கை அடி. இடது கை.

எழப் பார்த்தான். முடியவில்லை. அவன் முறை வந்ததும் அவன் கைகள் தாமாகவே அடித்தன. மறுபடி பதில், முன்னைவிட வேகமாக. ஒவ்வொரு சுற்றிலும் அவன் வலது கை சில்லிட்டுக்கொண்டே வந்தது. விரல். மணிக்கட்டு. முழங்கை.

"கால் வழுக்கிடுச்சி மாஸ்டர்..." கிசுகிசுத்தான்.

சத்தம் நின்றது.

ஆயில் வாடையோடு காதோரம் ஒரு மூச்சு.

"என்னிக்குடா உன் காலு தாளம் தப்பிச்சி?"

வலது கைக் குச்சி தரையில் விழுந்து உருண்டது. கை தோளிலிருந்து ஈரத்துணி போலத் தொங்கியது.

இடது கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தான். வாசலில் விக்டோரியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"செட்டு வேணாமா?"

அவன் ஓடினான். அவள் நிதானமாக எழுந்துபோய் அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தெருமுனையில் அவன் கால்கள் நின்றன. பூட்டிய அறைக்குள் டிரம் மறுபடி தொடங்கியிருந்தது.

இந்த முறை, இரண்டு கையும்.