எந்தப் பக்கம்?

அன்று காலை மூன்று வீடுகள் தவசியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டன. நாலாவது வீட்டுக்காவது நம்மைப் பிடிக்க வேண்டுமே என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மகளின் தலைமுடியையும் ஒருமுறை ஒதுக்கிவிட்டு, அந்த வாசலில் போய் நின்றான்.

முன்னொரு காலத்தில் மனிதர்கள் வீடு பார்க்கப் போவார்களாம். இப்போதெல்லாம் வீடுதான் ஆளைப் பார்க்கிறது. கதவுக்கு மேலே இருக்கும் மனைமதி என்கிற இயந்திரம் விழித்துக்கொண்டு, வாங்க வாங்க என்று இனிக்க இனிக்கப் பேசி, நடையைப் பார்த்து, மூச்சைக் கேட்டு, காபி ஆறுவதற்குள் முடிவைச் சொல்லிவிடும். வீட்டுச் சொந்தக்காரர் நேரில் வந்து சங்கடப்பட வேண்டியதில்லை. அவருக்கு யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்பதெல்லாம் மனைமதிக்குள் பத்திரமாக இருக்கும்.

"வணக்கம் சார், வாங்க. பாப்பா பேரு என்ன?" என்றது நாலாவது வீடு.

"தூறல்."

"அடடா, எவ்வளவு அழகான பேரு! ரொம்ப நாள் கழிச்சு ஊருக்கு வர்றீங்க போல?"

"ஆமாங்க. பன்னெண்டு வருஷம் நிலாவுல வேலை. இப்பத்தான் இறங்கினோம்."

"ரொம்ப சந்தோஷம் சார். நிலாவுல... எந்தப் பக்கம்?"

சாதி கேட்கக்கூடாது, மதம் கேட்கக்கூடாது, கறி மீன் சமைப்பீர்களா என்று கேட்கக்கூடாது, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கக்கூடாது என்று சட்டம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மனைமதிகள் அந்தச் சட்டத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் மதித்தன. நிலாவில் எந்தப் பக்கம் என்று கேட்கக்கூடாது என்று மட்டும் அதில் யாரும் எழுதிவைக்கவில்லை.

நிலாவுக்கு ஒரு முகமும் ஒரு முதுகும் உண்டு. முகப்பக்கம் எப்போதும் பூமியைப் பார்த்தபடி இருக்கும். அலுவலகங்கள், கண்ணாடி மாடங்கள், பெரிய சம்பளங்கள் எல்லாம் அங்கேதான். முதுகுப்பக்கத்தில் சுரங்கங்கள். அங்கே இருப்பவர்கள் நிமிர்ந்து பார்த்தால் இருட்டும் நட்சத்திரமும்தான், பூமி என்றைக்குமே தெரியாது. சுரங்கத் தூசி உடம்பில் ஏறி, பட்டாசு வெடித்த மறுநாள் தெருவில் வருகிற மாதிரி ஒரு வாசனை லேசாக வீசும். அந்தத் தூசி சுவரில் பிடித்துக்கொள்ளும், குடியிருந்தவர்கள் காலி செய்தாலும் போகாது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள்.

"முகப்பக்கம்தாங்க," என்றான் தவசி. பொய் சொல்லும்போது அவனுக்குக் காது சிவக்கும். மனைமதிக்கு அது தெரியாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டான்.

"அப்படிங்களா! உள்ள வாங்க, சுத்திப் பாருங்க," என்று கதவு நழுவத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தூறல் முன்னால் போனாள். கதவின் இடுக்கில் உள்ளங்கையை விரித்து வைத்து, கண்ணை மூடி ஒரு மூச்சு நேரம் நின்றாள். பிறகு திரும்பி, "காத்து இருக்குப்பா, வா," என்றாள்.

கதவு பாதியில் நின்றுவிட்டது.

"மன்னிக்கணும் சார்," என்றது வீடு, குரலில் இனிப்புக் கொஞ்சமும் குறையாமல். "இப்பத்தான் வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்."

முகப்பக்கத்துக் கதவுகளில் விளக்கு இருக்கும். பச்சை எரிந்தால் அந்தப் பக்கம் காற்று இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். முதுகுப்பக்கத்தில் விளக்குகள் என்றைக்கோ கெட்டுப்போயிருந்தன, மாற்றுவதாக நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருந்தது. அதனால் அங்கே பிறந்த குழந்தைகள் நடக்கப் பழகும்போதே உள்ளங்கையால் காற்றைத் தேடவும் பழகிவிடும். கதவைத் தொடாமல் உள்ளே நுழைகிற முதுகுப் பிள்ளையை யாரும் பார்த்திருக்க முடியாது. தவசி என்ன பொய் சொன்னாலும் அந்தச் சின்னக் கை உண்மையைச் சொல்லிவிடும்.

அங்கே இன்னொரு பழக்கமும் உண்டு. யாராவது கதவைத் தட்டினால் யார் என்று கேட்க மாட்டார்கள், திறந்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. வெளியே நிற்பவரிடம் எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? தட்டியும் கதவு திறக்கவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம்தான்: உள்ளே காற்று போய்விட்டது, உள்ளே இருந்தவர்கள் உயிரோடு இல்லை.

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். கடல் ஏறி வந்து பழைய சென்னையில் பாதியை எடுத்துக்கொண்ட பிறகு, ஊரே மதுராந்தகத்துக்கு இடம்பெயர்ந்து வந்திருந்தது. ஏரியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வீடு முளைத்திருந்தது. நிலாவில் மலையளவு தெரிந்த சேமிப்பு, இங்கே வாடகையைக் கேட்டதும் மடுவாகிவிட்டது.

"இந்த ஊரு என்னைப் புடிச்சு கீழ இழுக்குதுப்பா," என்றாள் தூறல். எடை தெரியாமல் வளர்ந்த எலும்புக்குத் துணையாக, கால்களைச் சுற்றித் தாங்குசட்டம் மாட்டியிருந்தாள். தவசி அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அங்கே ஒரு விரலில் தூக்கிய பிள்ளை இங்கே கனத்தாள். அந்தக் கனம் அவனுக்குப் பிடித்திருந்தது.

எலும்பு முற்றுவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால்தான் அவர்கள் இருவரும் முன்னால் வந்தார்கள். தவசியின் மனைவி வடிவு மேலேயே இருந்தாள். கணவனும் மகளும் பூமியில் ஒரு முகவரியைப் பதிந்தால்தான் அவளுக்கு இறங்கு அனுமதி கிடைக்கும். இறங்குநர் விடுதியில் இவர்கள் தங்கும் காலம் முடிவதற்குள் அது நடக்காவிட்டால், கப்பலில் அவளுடைய இடம் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி வரிசையில் நின்று வருவதற்குள் தூறல் பள்ளிக்கூடமே முடித்திருப்பாள். மழையைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்ற ஏக்கத்தில் மகளுக்குத் தூறல் என்று பெயர் வைத்தவள் அவள்.

அன்று சாயங்காலம் விடுதியின் திரையில் வடிவு வந்தாள். இவன் பேசியது அங்கே போய்ச் சேர்ந்து, அவள் முகம் மாறுவதற்கு ஒரு கணம் பிடித்தது. அந்த ஒரு கணத்தைத்தான் தவசியால் தாங்க முடியவில்லை.

"வீடு அமையலையாங்க?"

"அமைஞ்சிரும் வடிவு. பார்த்துக்கிட்டே இருக்கோம்."

"என்னத்துக்கு மூஞ்சைத் தூக்கி வச்சிருக்கீங்க? ஒரு ரூம் போதும். மேல ஓட்டையில்லாம காத்து நிக்கணும், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "அட, அங்கதான் வெளியவே காத்து இருக்கே!"

அவள் போன பிறகு தவசி மகளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டான். செய்யப்போவது நல்ல காரியம் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

"தூறல், இனிமே எந்த வீட்டுக் கதவுலயும் கை வைக்கக் கூடாது, என்ன?"

"அப்ப காத்து இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"இங்க எல்லா இடத்துலயும் இருக்கும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. உள்ள போனதும் நேரா ஜன்னல்கிட்டப் போ. மேல பார்த்து ஒரு கும்பிடு போடு. முகப்பக்கத்துப் பிள்ளைங்க அப்படித்தான் செய்யும். அங்க ஜன்னல்ல பூமி தெரியும்ல, அதான்."

"இங்க ஜன்னல்ல என்னப்பா தெரியும்?"

"எதுத்த வீடு தெரியும். அதைப் பார்த்துக் கும்பிடு."

தூறல் சிரித்துவிட்டாள். ஆனாலும் கெட்டிக்காரப் பெண், பலமுறை செய்து பார்த்துக் கற்றுக்கொண்டாள். கையை இறுக்கி மூடிக்கொண்டு அவள் கதவைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் தவசி வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அந்தக் கையை விரித்து வைக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அவன்தான்.

விடுதியில் கடைசி நாள் நெருங்கும்போது ஒரு தகவல் வந்தது. ஏரிக்கரைக்குப் பின்னால் ஒரு பழைய வீடு, மனைமதி கிடையாது, சொந்தக்கார அம்மாவே நேரில் பேசுவார், வாடகையும் கட்டுப்படியாகும். இருவரும் ஓடினார்கள்.

வீட்டுக்காரி பிலோமினாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தோள் அகலம், கைகள் முறம் அகலம். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள், வா என்றுகூடச் சொல்லவில்லை. தூறல் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு உள்ளே போனாள். நேராக ஜன்னலுக்குப் போய், எதிர்வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த போர்வையைப் பார்த்துப் பக்தியோடு கும்பிட்டாள்.

பிலோமினாவின் முகம் கல்லாகிவிட்டது.

"நிலாவுல எந்தப் பக்கம் தம்பி?"

"முகப்பக்கம்க்கா."

"அதான பார்த்தேன். தப்பா நெனைக்காதீங்க. இப்பத்தான் வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டேன்."

தவசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதுகென்று தெரிந்தாலும் வீடில்லை, முகமென்று சொன்னாலும் வீடில்லை என்றால் மனுஷன் எங்கேதான் போவான்? மகளின் தோளைத் தொட்டு வாசல் பக்கம் திருப்பினான்.

வரும்போது திறந்திருந்த கதவு இப்போது சாத்தியிருந்தது. தூறலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையில் பாடமெல்லாம் மறந்துபோயிற்று. மூடிய கை தானாக விரிந்து கதவிடுக்கில் போய் உட்கார்ந்தது. ஒரு மூச்சு நேரம் நின்றாள். "வெளிய காத்து இருக்குப்பா," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "போலாம்."

பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. பிலோமினா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு பெத்த பிள்ளையோ," என்றாள். "இங்க வா கண்ணு. அந்தக் கையைக் குடு." தூறலின் சின்னக் கையைத் தன் முறக்கையில் வைத்துப் பொத்திக்கொண்டாள். பிலோமினாவின் கையில் சுரங்கத் தூசியின் கறுப்பு ரேகையோடு ரேகையாகப் பதிந்திருந்தது. "இருபது வருஷம் துளைப்பொறி ஓட்டினேன் தம்பி, முதுகுல. இறங்கி வந்தப்ப ஒருத்தன் வீடு குடுக்கல. மாட்டாஸ்பத்திரித் தாழ்வாரத்துல படுத்துக் கெடந்தேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், நான் ஒரு வீடு வாங்கினா அது நம்ம ஆளுங்களுக்குத்தான்னு. நம்ம ஆளுன்னு வந்ததுமே சொல்லியிருக்கக் கூடாதா?"

தவசி அழுதான். சிரிக்கவும் செய்தான். பிலோமினா முன்பணம்கூட மெதுவாகக் கொடு என்று சொல்லிவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

"இந்த வீட்டுல மனைமதி கெடையாது. யாரு வந்து தட்டினாலும் நாமதான் கேக்கணும். எந்தப் பக்கம்னு கேட்டுட்டுத்தான் கதவைத் தொறக்கணும். அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. சரியா?"

"சரிக்கா," என்றான் தவசி. அவனுக்கு அது நியாயமாகவே பட்டது.

முகவரி பதிவாயிற்று. வடிவுக்கு அனுமதி வந்த அன்று தூறல் தாங்குசட்டத்தோடு வீடு முழுக்கக் குதித்தாள். அந்த வாரத்தில் ஒருநாள், கைக்குழந்தையோடு ஒரு பெண் மாடி அறை கேட்டு வந்து நின்றாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. எந்தப் பக்கம் என்று பிலோமினா கேட்டாள். முகப்பக்கம் என்றாள் அந்தப் பெண், இன்னும் விவரம் தெரியாதவளாக, கொஞ்சம் பெருமையோடுகூட. இப்பத்தான் வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம் என்ற பதிலை ஜன்னலுக்கு உள்ளே நின்று கேட்டபோது தவசிக்கு மனசு குளிர்ந்தது. அவளும் கொஞ்சம் அலையட்டுமே என்று தோன்றியது. அந்தக் குழந்தை அழுத சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது, அவன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான்.

"ஏம்ப்பா அவங்களை உள்ள விடல?" என்று தூறல் கேட்டாள்.

"அவங்க அந்தப் பக்கம்மா."

கேள்வி கேட்கவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். கதவைத் தட்டிய சத்தம் கேட்டதுமே ஓடிப்போய்த் திறக்கிற பிள்ளை அவள். இழுத்துப் பிடித்து, திட்டி, கொஞ்சி, கதவுக்கு வெளியே அவனே போய் நின்று தட்டிக்காட்டி, ஒருவழியாகப் பழக்கினான். முதலில் யாரு, அடுத்து எந்தப் பக்கம், அப்புறம்தான் தாழ்ப்பாள்.

வடிவு வரும் நாளுக்கு முந்தின நாள்; கப்பல் ஒரு நாள் முன்னே பின்னே இறங்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். தவசி அடுக்களையில் அவளுக்காக இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தான். கை இரண்டும் மாவு. வெளியே வானம் மூடிக்கொண்டு லேசாகத் தூற ஆரம்பித்திருந்தது. அப்போது வாசலில் யாரோ தட்டினார்கள். கனம் தாங்காத கை தட்டுகிற மாதிரி, மெதுவாக.

தூறல் கதவண்டை போனாள். கையை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"யாரு?" என்றாள்.

மறுபடியும் தட்டும் சத்தம்தான் வந்தது.

"எந்தப் பக்கம்?" என்றாள், அப்பா சொல்லிக்கொடுத்த அதே கண்டிப்போடு.

வெளியே மழை வலுத்திருந்தது. பிறகு யாரோ இரண்டு கைகளாலும் கதவை அறைகிற சத்தம். கூடவே வந்த வடிவின் குரலைக் கேட்டதும் தவசி மாவுக் கையோடு ஓடினான்.

"தூறல்! அம்மாடி, ஏன் கதவு தொறக்கல? உள்ள காத்து இல்லையா?"