கம்பிமேல் ஒரு கை

பேய் பிசாசு உண்டா என்று கேட்டால் முன்பெல்லாம் சிரித்துவிடுவேன். என் வேலை பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களைக் கழற்றிப் பார்ப்பது. எந்த வருஷம் செய்தது, எந்தப் பாகம் அசல், எது பின்னால் மாற்றியது, இன்றைக்கு என்ன விலை பெறும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஜப்பானில் செய்தவை என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். திருகாணியைக் கழற்றினால் உண்மை வெளியே வந்துவிடும் என்பதுதான் என் நம்பிக்கை. கழற்ற விடாமல் ஒரு கை தடுக்கும் என்று யார் கண்டது?

அன்று மதியம் அந்த வீட்டுக்குப் போனபோது வாசலில் ஒரு கார் டிக்கி திறந்தபடி நின்றது. உள்ளே போர்வை விரித்துத் தயாராக இருந்தது. என்னை வரவழைத்தவர் அதன் பக்கத்திலேயே நின்றார். அந்த வீட்டு அம்மாவின் கொழுந்தன் அவர். அண்ணன் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"கடையிலேர்ந்து ஆம்பளை யாரும் வரலையா?"

"கடையே நான்தான் சார்."

நல்ல ஆரம்பம். அந்த ஆளின் மேல் எனக்கு அப்போதே எரிச்சல் வந்துவிட்டது, மறைப்பானேன்?

கூடத்துச் சுவரில் பெரிய புகைப்படம். மேடையில் ஓர் இளைஞர், தோளில் சிவப்புக் கிட்டார், பின்னால் அவருடைய இசைக்குழுவின் துணிப் பதாகை. அதில் 1971 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "அண்ணனுக்குக் கல்யாணம் ஆகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்தது. இதே கிட்டார்தான்" என்றார் கொழுந்தன். "அண்ணன் சொத்து. பழசு சேர்க்கிற ஒருத்தர் வாங்கிக்கறேன்னிருக்கார். நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா இப்பவே எடுத்துட்டுப் போயிடுவேன்."

அந்த அம்மா தண்ணீர்ச் செம்போடு வந்தார். எழுபதைத் தொட்டிருப்பார். தண்ணீர் கொடுக்கும் சாக்கில் என் பக்கம் குனிந்தார்.

"அது என்னோடதும்மா. எங்கப்பா கப்பல்ல சமையல்காரர். ஜப்பான் போய்ட்டு வந்தப்போ எனக்குன்னு வாங்கிட்டு வந்தார், என் கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி. கல்யாணத்துக்கப்புறம் எங்க வீட்டுக்காரர் எடுத்துக்கிட்டார். பொம்பளைக்கு எதுக்குன்னு ஒருநாள்கூடத் தொட விடலை. அது எந்த வருஷத்துதுன்னு மட்டும் உள்ளபடி சொல்லிடு, போதும்."

"இப்ப எடுத்து வாசிக்க வேண்டியதுதானே? அவர்தான் இல்லையே?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வாசிச்சேன். சத்தம் வரலை."

கிட்டார் பின்னறையில் இருந்தது. அறைக்குள் நுழைந்ததும் கிராம்பு மணம் மூக்கில் ஏறியது. பழைய வாசனை இல்லை. யாரோ பக்கத்தில் நின்று மென்றுகொண்டிருப்பது போன்ற ஈரமான மணம். கொழுந்தன் சட்டென்று நின்றுவிட்டார். "அண்ணன் தொண்டைக்குன்னு எப்பவும் வாயில போட்டிருப்பார்" என்று யாரும் கேட்காமலே சொன்னார். வெளியே வெயில் கொளுத்தியது. அறைக்குள் மட்டும் அந்திபோல இருட்டிக் கிடந்தது.

கிட்டாரை மேசைமேல் கிடத்தினேன். சிவப்பு ஓரங்களில் கறுத்து நடுவில் தேன்நிறமாக வெளிறியிருந்தது. முதல் வேலையாகக் கம்பியைச் சுண்டினேன்.

டக்.

எல்லாக் கம்பிகளையும் வரிசையாகச் சுண்டினேன். டக், டக், டக். நாதமே இல்லை. வாசிக்கிறவர்கள் ஒலியை அமுக்க உள்ளங்கையைக் கம்பிமேல் வைப்பார்கள், அப்படித்தான் கேட்டது. கழுத்து வளைந்திருக்கும் என்று பார்த்தேன். நேராக இருந்தது. கம்பிகளைத் தாங்குகிற பாலத்தில் கோளாறா என்று விரலால் தடவினேன். பாலத்தின் ஓரமாக, உள்ளங்கை படும் இடத்தில் மட்டும், கம்பிகள் ஈரமாக இருந்தன.

வெதுவெதுப்பான ஈரம்.

ஈரப்பதம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். மனசு நம்பவில்லை. ஆனால் ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டு ஓடுகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

"பின்னாடி தகட்டுலயே நம்பர் இருக்கே. அது போதாதா?" என்றார் கொழுந்தன்.

"போதாது சார். அந்தக் காலத்துல ஒரே தொழிற்சாலை பத்து பிராண்ட் பேர்ல கிட்டார் செஞ்சு அனுப்புச்சு. நம்பரை இஷ்டத்துக்குப் போட்டாங்க. போதாக்குறைக்கு, தகடுங்கறது சட்டை மாதிரி, யார் வேணா கழட்டி மாட்டலாம். கழுத்தைக் கழட்டினா அடியில முத்திரை இருக்கும். அதுதான் பிறந்த தேதி."

கம்பிகளைக் கழற்றி, கிட்டாரைக் கவிழ்த்துவைத்து உட்கார்ந்தேன். தகட்டில் நான்கு திருகாணிகள். மூன்று சுலபமாக வந்தன. நான்காவதைச் சுற்றினேன், வந்தது. கொஞ்சம் பிடியைத் தளர்த்தினேன்.

அது தானாகத் திரும்பி இறுகியது.

மறுபடி சுற்றினேன். இந்த முறை திருப்புளியை விடவே இல்லை. என் விரல்களின் மேல் வேறு விரல்கள் படிந்தன. நுனிகள் காய்த்துப்போன, வாசித்து வாசித்துத் தடித்த விரல்கள். அவை நிதானமாக என் கையை எதிர்ப்பக்கம் திருப்பின.

கிராம்பு மணம் என் காதோரம் வந்தது.

கொழுந்தன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "விட்டுடுங்க" என்று கிசுகிசுத்தார். "அண்ணனுக்குப் பிடிக்கலை. பழசுன்னு பொதுவா எழுதிக் குடுத்துடுங்க, போதும்."

எனக்குப் பயமாக இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டதும் பயத்தை விடக் கோபம் பெரிதாகிவிட்டது. உயிரோடு இருந்தவரை ஒரு பெண்ணின் பொருளை வைத்துக்கொண்டு உருட்டியது போதாதென்று, செத்தும் கையை எடுக்கவில்லையாம்! அதற்கு நான் கையெழுத்து வேறு போட வேண்டுமாம்!

"பிடிக்கலைன்னா அவரே சொல்லட்டும் சார்."

மூலையில் கிட்டார் ஒலியைப் பெருக்குகிற பழைய ஆம்ப் ஒன்று இருந்தது. அதன் ஒயர் சுருட்டியபடி தரையில் கிடந்தது. மின் இணைப்பே கிடையாது.

அது உறுமியது.

ம்ம்ம்ம் என்று அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமல். மேசை அதிர்ந்தது. கழற்றி வைத்த மூன்று திருகாணிகளும் உருண்டு தரையில் விழுந்தன.

அப்போதுதான் அந்த அம்மா வாசற்படியிலிருந்து உள்ளே வந்தார். நேராக மேசைக்கு வந்து, என் கைக்கு மேலே, எதுவும் இல்லாத வெற்றிடத்தைப் பார்த்தார்.

"கையை எடுங்க."

உறுமல் ஏறியது.

"நீங்க சொன்னப்பல்லாம் நான் எடுத்தேன். இத்தனை வருஷமா எடுத்தேன். இப்ப நான் சொல்றேன். எடுங்க கையை!"

கடைசிச் சொல்லைக் கத்தவில்லை, அதட்டினார். குழந்தையிடமிருந்து கத்தியைப் பிடுங்குகிற அம்மாவின் அதட்டல். என் விரல்மேல் இருந்த பாரம் ஒரு கணம் தயங்கியது. பிறகு விலகியது. திருகாணி சுழன்று என் மடியில் விழுந்தது.

கழுத்தைத் தூக்கினேன். அடியில் நீல மையில் முத்திரை தெளிவாக இருந்தது. 48. அது பொருந்தியிருந்த பள்ளத்திலும் அதே எண், அதே மை.

கொழுந்தனுக்குப் பயத்திலும் ஆசை விடவில்லை. எட்டிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "நாப்பத்தெட்டா! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தெட்டு! அண்ணி, பாத்தீங்களா, அண்ணன்கிட்ட இருந்தது எவ்ளோ பழசுன்னு! எழுதுங்கம்மா, எழுதுங்க!"

ஆழம் தெரியாமல் காலை விட்டார் மனுஷன்.

"எழுதறேன் சார். ஆனா நாப்பத்தெட்டுல இந்த மாதிரி கிட்டார் அங்கே யாரும் செய்யலை. ஜப்பான்காரங்க அவங்க ராஜா பட்டத்துக்கு வந்த வருஷத்தை ஒண்ணுன்னு வெச்சு எண்ணுவாங்க. அப்ப இருந்த ராஜா வந்தது இருபத்தாறுல. அந்த நாப்பத்தெட்டு நமக்கு எழுபத்து மூணு."

கொழுந்தன் விரல் மடக்கிக் கணக்குப் பார்க்கவில்லை. அவசியமும் இல்லை. கூடத்துச் சுவர் அந்த அறையிலிருந்தே தெரிந்தது. மேடை, சிவப்புக் கிட்டார், 1971.

"அந்தப் போட்டோ எடுத்தப்போ இந்தக் கிட்டார் மரமா நின்னுட்டிருந்துச்சு சார். கழுத்தும் உடம்பும் ஒரே முத்திரை, அதனால மாத்தினாங்கன்னும் சொல்ல முடியாது. போட்டோவுல இருக்கறது வேற. அது எங்கே போச்சோ, உங்க அண்ணனைத்தான் கேக்கணும். இங்கேதான் இருக்கார், கேளுங்க."

முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு மேலே வந்துவிட்டது. கொழுந்தன் வாசல் பக்கம் நகர்ந்தார். போகும்போது புகைப்படத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார். கார் டிக்கி அடைபடும் சத்தம் கேட்டது.

எழுபத்து மூன்றில் செய்தது, பாகங்கள் அனைத்தும் அசல் என்று எழுதினேன். விலை போடும் இடத்தில் பேனாவை நிறுத்தினேன். "விக்கப் போறீங்களாம்மா?"

"எதுக்கு?" என்றார். "இப்பத்தானே கிடைச்சிருக்கு."

அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். கழுத்தை மறுபடி பொருத்தி, புதுக் கம்பி போட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் மடியில் வைத்துச் சுண்டினார்.

டக்.

என் முகம் விழுந்துவிட்டது. அவர் முகம் விழவில்லை. மறுபடி சுண்டினார். மறுபடி. தேய்த்துத் தேய்த்துக் கறை போக்குகிறவர்போல அதே கம்பியைச் சுண்டிக்கொண்டே இருந்தார். எத்தனையாவது முறையோ, அந்த அடைப்பின் இடுக்கிலிருந்து மெல்லிதாக ஒரு நாதம் கசிந்தது. பிறகு கொஞ்சம் பெரிதாக. பிறகு அறை முழுக்க. அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். 

இப்போது கம்பி மாற்றுவதற்காக அவ்வப்போது என் கடைக்கு வருகிறார். மற்றவர்களுக்கு ஆறு மாதம் வருகிற கம்பி அவருக்கு ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. நேற்றும் வந்திருந்தார். கிட்டார்ப் பெட்டியைத் திறந்தேன். பாலத்தின் ஓரமாக, உள்ளங்கை அகலத்துக்கு, ஆறு கம்பிகளும் துருப்பிடித்துக் கறுத்திருந்தன. மற்ற இடமெல்லாம் பளபளவென்று புதுசு.

"அம்மா, நீங்க கம்பி மேல உள்ளங்கையை வெச்சு வாசிக்கிறீங்களா?"

"நான் வைக்கிறதில்லை."

அவர் முகத்தில் துளி பயம் இல்லை. பெட்டிக்குள்ளிருந்து கிராம்பு மணம் எழுந்தது. கறுத்த இடத்தில் விரலை வைத்தேன். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

"வெச்சுக்கட்டும்" என்றார் அந்த அம்மா. "எனக்குத் தடிமனான கம்பியாப் போடு."