இரண்டாம் மணி

பொருநையில் காலையில் எதிர்ப்படுகிறவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொள்வதில்லை. "காடு எரிஞ்சுதா?" என்றுதான் கேட்பார்கள். "எங்க, இன்னும் இல்லையே" என்று பதில் வரும். இருவரும் மூச்சுமூடிக்குள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

அந்தக் கிரகத்துக்குப் பெயர் வைத்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். ஊர்ப் பாசத்தில் தங்கள் ஊர் ஆற்றின் பழம்பெயரான பொருநை என்று வைத்துவிட்டு, அங்கே ஆறு என்று ஒன்று இல்லவே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தார்கள். ஆறு இல்லாவிட்டாலும் காடு உண்டாயிற்று. நடவு எந்திரன்கள் தலைமுறை தலைமுறையாக மரம் நட்டன. மரங்கள் நச்சுக்காற்றைக் குடித்து உயிர்க்காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டன. மனிதர்கள் கண்ணாடிக் கூண்டூருக்குள் காத்திருந்தார்கள். வெளியே தலைகாட்டினால் முகத்தில் ரப்பர் மூடி.

ஒருமுறை அளவுக்கருவி, காற்று பக்குவமாகிவிட்டது என்றது. அதை நம்பி மூடியைக் கழற்றியவர்கள் வீடு திரும்பவில்லை. அன்றோடு கருவியின் மேலிருந்த நம்பிக்கை போயிற்று. தீ பொய் சொல்லாது என்று முடிவு செய்தார்கள். கூண்டூரை ஒட்டிய மலையில் மின்னலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உயிர்க்காற்று போதாததால் மின்னல் விழுந்த மரம் கருகுமே தவிரப் பற்றாது. என்றைக்கு ஒரு மரம் பற்றி நின்று எரிகிறதோ, அன்றைக்குக் காற்று மனிதனுக்கு ஆகும். அதைக் கண்டு சொல்லத்தான் மொட்டைப்பாறை உச்சியில் கோபுரம் எழுந்தது.

அதில் முதலில் உட்கார்ந்த தீநோக்கி, பூமியிலும் இப்படியொரு மலையுச்சிக் கோபுரத்தில் வேலை பார்த்தவர். அங்கே தீயைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று பிள்ளைகள் கேட்டார்களாம். "அணைக்கச் சொல்லுவோம்" என்றாராம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்குப் பின் வந்தவர்களில் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதையும் தூங்கியே கழித்தார்; அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவர் கண்டுசொல்லவும் ஒன்றும் நடக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் இசக்கியம்மாள் இருக்கிறாள்.

இசக்கிக்குக் கீழே கிடந்த காடு முழுதும் கண்ணுக்குப் பாடம். மேகம் இறங்கும்போது எந்தச் சரிவு நீலமாகும், காற்று திரும்பினால் எந்த மரக்கூட்டம் முதலில் இலை புரண்டு வெள்ளி காட்டும் என்பதெல்லாம் தெரியும். அதன் மணம் மட்டும் தெரியாது. பொருநையில் யாருக்குமே தெரியாது. மூடிக்குள் எப்போதும் ரப்பர் வாசனைதான். மதிய வெயிலில் கண் சொக்கும்போது, தான் மூடியில்லாமல் மரங்களுக்கு மேலே மிதந்து போவதாகவும், ஏதோ ஒரு மணம் நெஞ்சை நிறைப்பதாகவும் அவளுக்குக் கனவு வரும். விழித்ததும் அழுகை வரும். ஒரே ஒரு தடவை இந்தக் காட்டை முகர்ந்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று நினைப்பாள்.

அன்று காலை மின்னல் வெட்டியது. கீழைச் சரிவில் பட்டுப்போன ஒரு மரத்தின் உச்சியில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. பூ என்றுதான் முதலில் எண்ணினாள். பூ பக்கத்துக் கிளைக்குத் தாவியது.

இசக்கி மணியை அடித்தாள்.

முதல் மணி அடித்தால் தீ தெரிகிறது என்று பொருள். பொழுது சாயும்வரை தீ நின்று எரிந்தால் இரண்டாம் மணி. அதற்குப் பிறகுதான் மூடியைக் கழற்றலாம். இது பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விதி. ஆனால் முதல் மணியின் ஓசை அடங்குமுன்பே கூண்டூர்க் கதவுகள் திறந்துகொண்டன. ஊர்த்தலைவர் சங்கரபாண்டியன்தான் முதலில் மூடியைக் கழற்றி வீசினார்.

"அண்ணாச்சி, போட்டுக்கிடுங்க! இன்னும் ரெண்டாம் மணி அடிக்கலை!" என்று பேசுகுழலில் கத்தினாள் இசக்கி.

"எனக்கு ஒண்ணும் ஆகலை தாயி! நல்லா மூச்சு விடுதேன் பாரு!" என்று அவர் சிரித்தார்.

உண்மையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காற்று அவ்வளவு சுத்தம். சனங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். கூண்டூருக்குள் தீ கூடாது என்பதால் கோயிலில்கூட அதுவரை மின்விளக்கைத்தான் தட்டில் வைத்துச் சுற்றினார்கள். இப்போது எரிகிற காட்டிலிருந்து ஆளுக்கொரு கொள்ளி எடுத்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள், வாசலில் பொங்கல் வைத்தார்கள். மண்ணைப் போட்டு அணைக்க வந்த நடவு எந்திரன்களைக் கையைப் பிடித்து இழுத்து ஓரங்கட்டினார்கள். பழையது இனி எதற்கு என்று யாரோ சொல்ல, ஊரில் இருந்த மூடிகளையெல்லாம் கொண்டுவந்து முச்சந்தியில் குவித்தார்கள். ரப்பர் திகுதிகுவென்று எரிந்தது. பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஆடினார்கள்.

இசக்கி மட்டும் மூடியைக் கழற்றவில்லை. கழற்றியிருக்கலாம், அதற்குக் கை எத்தனையோ முறை போயிற்று. ஆனால் மணி அவள் பொறுப்பு.

பொழுது சாய்ந்தது. காடு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் இரண்டாம் மணியை அடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முகத்திலிருந்து ரப்பரை உரித்து, நெஞ்சு கொள்ளுமட்டும் மூச்சை இழுத்தாள். கரும்புகையும் எரிந்த ரப்பரும் தொண்டையை அறுத்தன. இருமி இருமிக் கண்ணீர் வழிய மறுபடி மாட்டிக்கொண்டாள். காடு அவளுக்கு ஒரு மூச்சுகூட மிச்சம் வைக்கவில்லை. இல்லை, ஊர் வைக்கவில்லை. கோபுரத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கீழே எல்லாரும் கூண்டூருக்குள் ஓடிக் கதவை அடைத்திருந்தார்கள். பேசுகுழலில் இருமலோடு சங்கரபாண்டியனின் குரல் வந்தது.

"இசக்கி, ஊர்ல மூடி உள்ள ஒரே ஆளு நீதான். பத்திரமா இரி. பட்டறையில புதுசு செய்யச் சொல்லியாச்சு, தலைக்கு ரெண்டு வீதம்."

"ரெண்டு எதுக்கு அண்ணாச்சி?"

"இந்த நாளை வருசா வருசம் திருநாளாக் கொண்டாடணும்னு தீர்மானம் போட்டிருக்கோம்லா. ஒண்ணு போட்டுக்கிட. இன்னொண்ணு எரிக்க."