ஜாவன் பிரைஸின் பூட்ஸ்

கோச் லைல் டென்னர் கதவைத் தட்டவில்லை. தட்டக் கை ஓங்கினார், திரும்பி வண்டி வரைக்கும் போனார், மறுபடி வந்து வாசலில் நின்றார். ஜன்னல் வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்த வெர்னா ஹாப்னர் தானே எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

நெப்ராஸ்காவின் அந்தப் பக்கத்துச் சம்சாரிகள் அத்தனை பேருக்கும் வெர்னாவைத் தெரியும். ஆலங்கட்டி மழைக் காப்பீட்டுக்காக வயல் வயலாய் நடந்து, சேதம் மெய்யா பொய்யா என்று தீர்த்துச் சொன்னவர். வேலையை விட்டு ஓய்ந்த பிறகும் ஊரில் யாராவது யார் மேலாவது பழி போட்டால் அவரைத்தான் தேடி வந்தார்கள். செத்துப்போன கணவரின் தம்பி டுவேன் கூடவே இருந்தான். வெர்னா ஒரு கேள்வி கேட்பதற்குள் அவன் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான்.

கோச் உட்காரும் முன்பே பேச ஆரம்பித்தார். வில்லோ ஃபோர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி, அதாவது பந்தைக் கையால் ஆடும் அணி, அந்தப் பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்தது. அதன் பிறகு ஒன்றுகூட இல்லை. தோற்பது பெரிதல்ல, தோற்கிற விதம்தான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. இந்த ஆட்டத்தின் உயிரே ஒரு ரகசியத்தில் இருக்கிறது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறார்களா, எறியப்போகிறார்களா என்பது எதிராளிக்குத் தெரியக் கூடாது. நான்காம் ஆட்டத்திலிருந்து எதிராளி எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. பந்து அசையும் முன்பே கத்தினார்கள்.

"யாரோ நம்மளை விக்கிறாங்க வெர்னாம்மா. ஜாவன்தான்னு எல்லாரும் சொல்றாங்க. நாளைக்குக் காலைல டீன் அவனைக் காலேஜை விட்டே அனுப்பப் போறாங்க. அவன்தான்னு நான் கையெழுத்துப் போடணுமாம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

கோச் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். "எனக்கு நினைக்கிறதுக்குத் தெம்பு இல்ல" என்றார்.

ஜாவன் பிரைஸ் ஓமஹாவிலிருந்து வந்த பையன். பந்தை எறிகிற இடத்தில் ஆடுகிறவன். போன வருஷம் வரை பென்டன் ரிட்ஜ் கல்லூரியில் இருந்தான், வருகிற சனிக்கிழமை கடைசி ஆட்டம் அதே பென்டன் ரிட்ஜுடன். போதாததற்கு, ஒவ்வொரு ராத்திரியும் அவன் அந்தக் கல்லூரிக்குப் போன் பேசுவது வெளியே தெரிந்துவிட்டது.

டுவேன் தொடையைத் தட்டிக்கொண்டான். "அவ்வளவுதான் அண்ணி. கோட்டைப் போடுங்க, போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்."

வெர்னா கோட்டைப் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் டுவேன்தான் பேசினான். ஓர் ஆட்டத்தைக்கூட விடாமல் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவன். இரண்டாம் ஆட்டத்தில் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து பெரிய குவியலாகச் சரிந்தார்கள், பழைய எறிகாரனுக்குத் தோள் எலும்பு முறிந்தது, அப்போதுதான் ஜாவன் உள்ளே வந்தான் என்றான். குவியலின் அடியில் கிடந்த ஹவ்ரானெக் வீட்டுப் பையன் கோல்பி மட்டும் கடைசியாக எழுந்து சிரித்துக்கொண்டே வந்தானாம். "அவன் ஆம்பளை. மாடு மாதிரி" என்றான். அடுத்த ஆட்டத்தை ஜாவனே ஜெயித்துக் கொடுத்தானே என்று வெர்னா கேட்டதற்கு, "அது நம்மளை நம்ப வைக்க" என்று சளைக்காமல் பதில் சொன்னான்.

உடைமாற்றும் அறைக்குள் நுழைந்ததும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஜாவன் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனுடைய பூட்ஸ் இரண்டும் வெந்நீர்க் குழாயின் மேல் காய்ந்துகொண்டிருந்தன. காலையில் வந்து காலை விட்டபோது உள்ளே பசுஞ்சாணி நிறைந்திருந்தது என்று கோச் தாழ்ந்த குரலில் சொன்னார்.

யாருக்குப் போன் செய்கிறாய் என்ற கேள்விக்கு ஜாவன் உடனே பதில் சொன்னான். அம்மா பென்டன் ரிட்ஜ் கல்லூரிச் சமையலறையில் வேலை செய்கிறாள், பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் அவளிடம் பேச முடியும். இதை அவன் பலரிடம் சொல்லிக் களைத்திருந்தான், குரலில் நம்பிக்கை இல்லை.

"அந்தப் பசங்க என்ன கத்துவாங்க தம்பி? அதே வார்த்தையைச் சொல்லு" என்றார் வெர்னா.

"'எறியப் போறான்'னு கத்துவாங்க. இல்லாட்டி 'ஓட்டம், ஓட்டம்'னு."

"எந்தப் பக்கம் ஓடப் போறீங்க, யாருக்கு எறியப் போறேன்னு?"

ஜாவன் முதல் தடவையாக நிமிர்ந்தான். யோசித்தான். "இல்ல. அதை யாரும் கத்தினதில்ல."

அடுத்து கிப் சோரன்சன். ஓரத்தில் நின்று கைச் சைகையால் ஒவ்வொரு ஆட்டத்தையும் சொல்லி அனுப்பும் உதவி கோச். வேறு கல்லூரியில் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான் என்று டுவேன் வெர்னாவின் காதில் ஓதினான், அவனுடைய சந்தேகம் இப்போது இரண்டாகப் பெருகியிருந்தது. கிப் முகம் கறுத்துப் போய்ப் பதில் சொன்னான். ஒரே சைகையில் எல்லாம் அடங்கும்: ஓட்டமா எறிவா, எந்தப் பக்கம், யார் கைக்கு. போன சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவே, இடைவேளையில், எல்லாச் சைகைகளையும் மாற்றினான். வெளியே வந்ததும் முதல் பந்துக்கே எதிராளி சரியாகக் கத்தினான்.

சாப்பாட்டுக் கூடத்தில் பையன்கள் சில்லி என்கிற பீன்ஸ் இறைச்சிக் குழம்பும் பட்டை போட்ட சுருள் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோல்பி ஹவ்ரானெக் மட்டும் தட்டை ஜன்னல் திண்டில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டான். ஜாவனுக்கு முன்னால் இடப்பக்கத்து வரிசையில் நின்று, அவன் மேல் பாய வருகிறவர்களை நெஞ்சால் தடுப்பது அவன் வேலை.

"இவ்வளவு நாற்காலி கிடக்கே?" என்றார் வெர்னா.

"பண்ணைல நின்னே தின்னு பழக்கம்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. "சாணியை வச்சது நான்தான். விசாரிச்சு அலைய வேணாம். எங்க வீட்டு மாட்டுச் சாணி."

"ஏன்?"

"அவன் மேல ஒருத்தன் விழாம இத்தனை வாரம் நான் நின்னிருக்கேன். எப்படி நின்னேன்னு எனக்குத்தான் தெரியும். அவன் என் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டே வித்திருக்கான்." ரொட்டியைத் தட்டில் போட்டான். "நாளைக்குத் துரத்திடுவாங்கல்ல?"

வெர்னா அன்றைய பயிற்சி முடிந்திருந்த மைதானத்துக்குப் போனார். ஈரத் தரை. அணி வரிசை கட்டி நின்ற இடத்தில் ஆணிக்கால் பூட்ஸின் தடங்கள் மண்ணைக் குத்திக் கிழித்திருந்தன. வெர்னா குனிந்து, வயலில் நடப்பதுபோல வரிசையோடு நடந்தார். இடப்பக்கத்தில் ஓரிடத்தில் நெடுநேரம் நின்றார்.

"என்ன அண்ணி, ஏதாவது கீழ போட்டுட்டீங்களா?" என்றான் டுவேன்.

"ஆலங்கட்டி விழுந்த வயல்ல எல்லாரும் முறிஞ்ச செடியைப் பார்ப்பாங்க டுவேன். நான் செடியடி மண்ணைப் பார்ப்பேன்." நிமிர்ந்து கோச்சைப் பார்த்தார். "நீங்க ஆட்டம் எல்லாத்தையும் படம் பிடிப்பீங்கல்ல? டீனைக் கூப்பிடுங்க. ஜாவன், கிப், கோல்பி, மூணு பேரும் வரட்டும். ஒரு பழைய அட்டைப்பெட்டி வேணும்."

படம் பார்க்கும் அறையில் எல்லோரும் கூடியபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டீன் அம்மாள் எக்ஹோம் கையில் பேனாவோடு கதவோரம் உட்கார்ந்தார். கோல்பி சுவரில் சாய்ந்து நின்றான்.

"திருடனைப் பத்திக் கொஞ்சம் யோசிப்போம்" என்று வெர்னா நிதானமாகத் தொடங்கினார். "ஜாவனோ கிப்போ விக்கிறதா இருந்தா முழுசையும் வித்திருப்பாங்க. பக்கம், ஆளு, எல்லாம். வீட்டுக்குள்ள புகுந்த திருடன் பாதி நகையை வச்சுட்டா போவான்? எதிராளிக்குப் பாதிதான் தெரியுது. ஓட்டமா எறிவா, அவ்வளவுதான். இடைவேளைல சைகையை மாத்தினதும் அடுத்த பந்துக்கே தெரியுது. அங்கே யாரும் போன் பண்ணலை. அப்ப சேதி மைதானத்துல, அவங்க கண்ணு முன்னாலதான் கிடக்குது."

அவர் அட்டையை எடுத்துத் திரையின் முன் பிடித்தார். பந்து மறைந்தது, ஜாவன் மறைந்தான், எல்லா உடம்புகளும் மறைந்தன. அட்டையில் வெட்டிய ஓட்டை வழியே இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிந்தன.

"டுவேன், நீ வா. இந்த ஆட்டமெல்லாம் நீ பார்த்ததுதான், ஆனா எந்த ஆட்டம், எந்த நேரம்னு உனக்குத் தெரியாது. இடது கால் பின்னால தள்ளி இருந்தா 'எறிவு'ன்னு சொல்லு. ரெண்டும் சமமா இருந்தா 'ஓட்டம்'னு சொல்லு."

படம் ஓடியது. "எறிவு" என்றான் டுவேன். வெர்னா அட்டையை இறக்கினார். பந்து பறந்துகொண்டிருந்தது. "ஓட்டம்" என்றான். ஓடினார்கள். மறுபடி, மறுபடி. வேறு ஆட்டம், வேறு எதிராளி. டுவேனின் குரல் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒருமுறைகூட அவன் தவறவில்லை.

"அப்ப நீயும் அவங்களுக்கு வித்துட்டியா டுவேன்?" என்றார் வெர்னா.

கோச் எழுந்து திரைக்கு அருகே போய், அந்தப் பூட்ஸைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பினார். "இது உன் காலு, கோல்பி."

கோல்பி குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"எறியும்போது இவன் சட்டுனு பின்னால நகரணும், வலது காலை ஊணித் தள்ளணும்" என்றார் வெர்னா. "அந்த முட்டி தாங்கலை. அதனால முன்கூட்டியே இடது காலைப் பின்னால வச்சுக்கிறான். ரெண்டாம் ஆட்டத்துல குவியலுக்கு அடில கிடந்ததுலேர்ந்து இப்படித்தான். உக்காந்தா எழ முடியாது, அதான் நின்னுக்கிட்டே சாப்பிடுறான். இப்பக்கூட நிக்கிறான் பாருங்க."

"ஆனா அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் கோச்.

"நீங்கதான் அனுப்புறீங்க லைல். ஒவ்வொரு வாரமும் உங்க ஆட்டத்துப் படத்தை அடுத்த எதிராளிக்குக் குடுக்கிறதும், அவங்களோடதை நீங்க வாங்குறதும் இந்த ஆட்டத்து வழக்கமாச்சே. மூணாவது ஆட்டத்துப் படம் போச்சு. நாலாவதுலேர்ந்து தோல்வி. நீங்க எல்லாரும் பந்தைப் பார்த்தீங்க. அவங்க காலைப் பார்த்தாங்க."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். கோச் நாற்காலியில் அப்படித்தான் உட்கார்ந்தார். டீன் அம்மாள் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். ஜாவன் இனி எங்கும் போக வேண்டியதில்லை என்று அவர் சொன்னது யார் காதிலும் சரியாக விழவில்லை.

ஏனென்றால் கோல்பி சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். வலது கால் மடங்காமல் கட்டைபோல் நீட்டிக்கொண்டு நின்றது.

"எனக்கு மாத்து ஆள் இல்ல" என்றான், யாரிடம் என்றில்லாமல். "நான் வெளிய போனா அந்த இடம் ஓட்டை. அவனைக் கொன்னுருப்பாங்க. அதுக்குத்தான் சொல்லல." கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான். "அவன் பூட்ஸ்ல சாணியை வச்சேனே."

ஜாவன் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றான். போய் அணைக்கவில்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. பொறுத்தது போதும் என்பதுபோல வெளியே போனான். கொஞ்ச தூரம் அவனுடைய காலடிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. திரும்பி வந்து கதவில் கை ஊன்றி நின்றான்.

"கோச். அந்தப் படம் பென்டன் ரிட்ஜுக்குப் போயாச்சா?"

"திங்கட்கிழமையே."

"அப்ப சனிக்கிழமை அவங்க அந்தக் காலைத்தான் பார்த்துக்கிட்டிருப்பாங்க."

சனிக்கிழமை காற்று எலும்பைத் தேடிக் குத்தியது. கோல்பி ஊன்றுகோல்களோடு ஓரத்து பெஞ்சில் இருந்தான். அவன் இடத்தில் வலப்பக்கத்து வரிசையிலிருந்து பிடித்துப் போட்ட ஒரு ஒல்லிப் பையன் நின்றான். வெர்னாவும் டுவேனும் பெஞ்சுக்குப் பின்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். டுவேன் யாரையும் சந்தேகிக்காமல் இருந்தது அன்றுதான்.

முதல் பந்து. ஒல்லிப் பையன் குனிந்தான். இடது காலைப் பின்னால் தள்ளி, எல்லோரும் பார்க்கும்படி வைத்தான்.

"எறியப் போறான்!" என்று பென்டன் ரிட்ஜ் பையன்கள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். நடு மைதானம் அறுவடை முடிந்த சோளக்காடு போல வெறுமையாகக் கிடந்தது. ஜாவன் எறியவில்லை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த வெறுமைக்குள் ஓடினான், ஓடினான், எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் வரை ஒருவன் கைகூட அவன் மேல் படவில்லை.

திரும்பி வந்தவன் மூச்சு வாங்க பெஞ்சில் கோல்பி பக்கத்தில் விழுந்தான். இருவரும் மைதானத்தைப் பார்த்தார்கள். பிறகு ஜாவன் வலது பூட்ஸைக் கழற்றி, கோல்பியின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இன்னும் நாத்தம் போகலடா" என்றான். "சும்மாதானே உக்காந்திருக்க. துடைச்சுக் குடு, மறுபடி உள்ள போகணும்."

கோல்பி வாங்கிக்கொண்டான். சட்டைக் கையை உள்ளங்கை வரை இழுத்துவிட்டு, குனிந்து துடைக்கத் தொடங்கினான்.