முதல் படத்திலேயே ஒளிர்ந்த எலும்புகள்

ஆய்வக வேதியியலாளர் ஒருத்தி கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியின் மேசைமேல் ஸ்கேன் படத்தை வைத்தாள். மறதி நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க அவள் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய மருந்து. கதிர்வீசும் ஃபுளோரின் அணுவைச் சுமந்துகொண்டு மூளைக்குள் போய் ஸ்கேனில் ஒளிர வேண்டும். அன்று காலைதான் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் போட்டார்கள். படத்தில் மூளை இருண்டு கிடந்தது. எலும்புக்கூடு மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தது.

ஊசி போட்டுக்கொண்டவர் அவளுடைய அண்ணன். அதே ஆய்வகத்தில் குப்பிகளில் மருந்து நிரப்புபவர். தங்கச்சி மருந்தை முதலில் எனக்குத்தான் போட வேண்டும் என்று அடம்பிடித்தவர்.

மருந்திலிருந்து அணு கழன்றால் நேரே எலும்பில் போய் உட்காரும். உடம்புக்குள் மருந்து உடைந்துவிட்டது, உழைப்பெல்லாம் பாழ் என்றாள் அவள்.

அதிகாரியின் உதவியாளர் அதற்குள் போட்டி ஆய்வகத்தின் சதி என்று குற்றவாளியையே பிடித்துவிட்டார். அதிகாரி அவரைக் கையமர்த்திவிட்டு, ஊசி போட்டதும் எடுத்த முதல் படங்களை நிதானமாகப் பார்த்தார். அண்ணனிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். படம் சரியாக வரவில்லை என்று மட்டும் சொன்னாளாம். முதுகெலும்பில் எங்கெல்லாம் தெரிகிறது என்று அண்ணன் கேட்டாராம்.

"அவரைக் கூப்பிடுங்க."

அண்ணன் வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"மருந்து உள்ள போய் உடைஞ்சிருந்தா, முதல்ல மூளை கொஞ்சமாவது ஒளிர்ந்திருக்கும். எலும்பு மெதுவாத்தான் தெரியும்" என்றார் அதிகாரி. "இங்க ஆரம்பத்துல இருந்தே எலும்புதான். அப்ப ஊசியில அந்த மருந்தே இல்ல. எலும்பு ஸ்கேனுக்குப் போடற, கதிர்வீசற வெறும் ஃபுளோரைடு. குப்பியை மாத்த முடிஞ்சவர் நீங்க. எலும்புன்னு யாரும் சொல்றதுக்கு முன்னாடியே முதுகெலும்பைக் கேட்டவரும் நீங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏண்ணா?"

மாதக்கணக்காக முதுகுவலி என்றார் அண்ணன். எங்கே ஸ்கேன் எடுத்தாலும் பார்ப்பவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். "உன் காதுக்கு வந்தா ஆராய்ச்சியைத் தூக்கிப் போட்டுட்டு என் பின்னாடி அலைவே. முதல்ல நான் மட்டும் தெரிஞ்சுக்கலாம்னு பார்த்தேன். படம் கெட்டுப்போச்சுன்னு வேற ஆளுக்குப் போட்டுப் பார்ப்பீங்கன்னு நினைச்சேன்."

அவள் படத்தை மறுபடி பார்த்தாள். காலையிலிருந்து தன் தோல்வியாக மட்டுமே பார்த்த படம். முதுகெலும்பிலும் இடுப்பிலும் சில இடங்கள் மற்ற எலும்புகளைவிடத் தகதகவென்று எரிந்தன. அது ஏன் கண்ணில் படவில்லை? புற்று பரவிய எலும்பும் அப்படித்தான் ஒளிரும்.

நடந்ததை அறிக்கையில் எழுதாமல் விட முடியாது என்று சொல்லிவிட்டு, அதிகாரி குரலைத் தணித்தார். "உங்க மருந்து தோத்துப்போகலம்மா. அதை இன்னும் யாருக்கும் போடவே இல்ல."

அது அவள் காதில் ஏறவில்லை. புற்றுநோய்ப் பிரிவுக்கு ஃபோன் போட்டாள். நோயாளி யார் என்று மறுமுனையில் கேட்டார்கள். அவள் அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் ஃபோனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நான்தாங்க" என்றார்.